ஏட்டுப் பெயின்டர் லூர்துநாதன்

எங்கள் தீவில் ஹேடோ பக்கம் வந்து லூர்துநாதன் வீடு எது என்று கேட்டால், "எந்த லூர்து? மீன் குழம்பு லூர்தா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அரசாங்கத்தைக் கேட்டால் பதில் வேறு. அரசாங்கக் கணக்கில் அவர் ராணுவப் படகுப் பட்டறையின் முதல் நிலைப் பெயின்டர். படகுக்குப் பெயின்ட் அடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர். அந்த மனுஷன் தன் வாழ்நாளில் பிரஷ் என்று பிடித்தது பல் தேய்க்கிற பிரஷ் ஒன்றைத்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த ஏட்டுப் பெயின்டர் கறிக்கு மட்டும்தான் உதவினார்.

இது எப்படி நடந்தது என்று கேட்பீர்கள், சொல்கிறேன். லூர்துநாதனின் அப்பா தூத்துக்குடிக் கரையிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். அம்மா, கப்பல் சரக்கு இறக்குகிறவர்களுக்குச் சோறும் மீன் குழம்பும் ஆக்கிப் போட்டவர். மகனுக்குப் பட்டறையில் வேலை கிடைத்ததும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார்கள். முதல் வாரம், பெயின்ட் டின்னின் மூடியைக்கூட அவர் திறந்திருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, மேட்டு பங்களாவில் இருந்த பெரிய சாபின், அதாவது ராணுவ அதிகாரியின், சமையல்காரர் தங்கை கல்யாணத்துக்கு ரங்கத் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. மழையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. பங்களாவில் விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். "யாருக்காவது சமைக்கத் தெரியுமா?" என்று பட்டறைக்கு வந்து கேட்டார்கள். லூர்துநாதன் கையைத் தூக்கினார். அவ்வளவுதான், தூக்கிய கையை அதன் பிறகு கீழே இறக்க யாரும் விடவில்லை.

சாப்கள் வருவார்கள், இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போவார்கள். லூர்துநாதன் மட்டும் பங்களாவோடு இருந்தார். போகிற சாப் வருகிற சாபிடம் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது, "இது கீஸர், இடது பக்கம் ஸ்விட்ச். இது லூர்து, மீன் நன்றாக வைப்பான்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். கீழே பட்டறையில் பெயின்டர் லூர்துநாதனுக்கு நேரம் தவறாமல் பதவி உயர்வு வந்துகொண்டிருந்தது. வேலையே செய்யாதவன் மேல் என்ன புகார் வரப்போகிறது?

இதில் பொருமியது அவர் மனைவி லூசி ஒருத்திதான். குவார்ட்டர்ஸ் முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புருஷன் வீட்டில் இருந்த நாளை அவள் விரல் விட்டு எண்ணிவிடுவாள். "ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுதீயளே, அந்த வீட்ல ஒருத்தராச்சும் நீ சாப்ட்டியா லூர்துன்னு கேட்டிருக்காகளா?" என்பாள்.

"பெரிய எடம்டி. அவுகளுக்கு ஆயிரம் யோசனை இருக்கும்."

"வாயில போடுற சோத்த ஆக்குனவன நெனைக்க ஆயிரத்துல ஒண்ணு மிச்சமில்லையாக்கும்!"

லூர்துநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடு ஏறிவிடுவார்.

இப்போதிருக்கும் சாப் நல்ல மனுஷர். மீசை பெரிது, குரல் சிறியது. யாரையும் திட்ட மாட்டார், யாரையும் பாராட்டவும் மாட்டார். எதை வைத்தாலும் சாப்பிட்டுவிட்டுக் கைதுடைத்துக்கொண்டு எழுந்து போவார். அவர் மனைவி மேம்சாப் அப்படியில்லை. அவர் வந்த பிறகு பங்களாவில் ஆள் பெருகியது. புல் வெட்ட ஒருவர், துணி தேய்க்க ஒருவர், பூட்ஸ் துடைக்க ஒருவர், டைகர் என்கிற நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க ஒருவர். மேம்சாப் மாலையில் பாட்மின்டன் ஆடும்போது கீழே விழும் இறகுப்பந்தை எடுத்துக் கொடுக்க மட்டும் ஒருவர்! அடேயப்பா, கல்யாண வீடு தோற்றது. அத்தனை பேரும் ஏட்டில் வெல்டர், எலெக்ட்ரீஷியன், டிரைவர்.

இதற்குச் சட்டம் இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது. இன்ன பதவியில் உள்ள அதிகாரி இத்தனை பேரைத்தான் வீட்டு உதவிக்கு வைத்துக்கொள்ளலாம், மிச்சப் பேர் அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. நம் சாபின் பதவிக்கு இரண்டே பேர். சட்டம் பாட்டுக்கு மெயின்லேண்டில் இருந்தது, பங்களா பாட்டுக்கு மேட்டில் இருந்தது. நடுவில் இவ்வளவு பெரிய கடல் கிடக்கிறதே என்ற தைரியம்தான்.

அந்தக் கடலைத் தாண்டி ஒரு நாள் உத்தரவு வந்துவிட்டது. ஒவ்வொரு ஊராகப் போய் ஆள் கணக்குப் பார்க்கிறார்களாம். அடுத்த வாரம் இங்கே வருகிறார்களாம். பங்களாக்களிலிருந்து பட்டறைக்குத் திரும்புகிறவர்கள் உண்மையாகவே ஏட்டில் உள்ள வேலைக்காரர்கள்தானா என்று வேலை வாங்கியும் பார்ப்பார்களாம். சாபின் மீசை அன்றைக்கு ஒரு சுற்று இறங்கிவிட்டது.

மேம்சாப் முற்றத்தில் எல்லாரையும் நிற்க வைத்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார். லூர்துநாதன் கவலையில்லாமல் நின்றார். சட்டமே வந்தாலும் வயிறு சும்மா இருக்குமா? முதல் ஆள் தானென்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மேம்சாப் விரலை நீட்டினார். "டைகர் இவன் கையால்தான் சாப்பிடுவான்" என்று நாய்க்காரரைச் சேர்த்தார். "யூனிஃபார்ம் மடிப்புக் கலையக் கூடாது" என்று தேய்க்கிறவரைச் சேர்த்தார். கணக்கு முடிந்தது. லூர்துநாதன் சுவர் மாதிரி என்றும் இருப்பவர் என்று நினைத்தாரோ, நினைக்கவே இல்லையோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம். சாப் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாய்க்குக் கீழ போயிட்டேன் லூசி" என்று அன்று வீட்டுக்கு வந்து சொன்னார். லூசி சிரிக்கத்தான் வாயெடுத்தாள். முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டைப் போட்டுச் சோற்றைப் போட்டாள்.

மறுநாள் காலை பட்டறையில் ஃபோர்மேன் பழனிசாமி அவரைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இருவரும். "வாய்யா முதல் நிலைப் பெயின்டரே! பிரஷ்ல எந்தப் பக்கம் முடி இருக்கும்னாவது தெரியுமா?"

"கேலி பண்ணாத பழனி. சொல்லிக் குடு."

"சொல்லித் தரேன். ஆள் கணக்குப் பார்க்கிற ஆபீசர் வந்து நிக்கும்போது நீ திருதிருன்னு முழிச்சேன்னு வை, இத்தனை வருசமும் வேலை செய்யாம சம்பளம் வாங்கினான்னு எழுதிருவாங்க. உன் வேலையும் போகும், பென்ஷனும் போகும். உன்னை இங்க இருக்கிறதா காட்டின எனக்கும் அதே கதிதான்."

லூர்துநாதனுக்கு ரிட்டயர் ஆக அதிக காலம் இல்லை. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். லூசி தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? சட்டம் அவர் விஷயத்தில் ஒரு தப்பும் செய்யவில்லை, சட்டத்தை ஏய்த்ததும் அவர் இல்லை. ஆனால் அடி மட்டும் அவர் முதுகைத் தேடி வந்துகொண்டிருந்தது. எங்கேயும் இதுதானே வழக்கம்!

பழனிசாமி பயிற்சியை ஆரம்பித்தார். கரையில் கவிழ்த்து வைத்திருந்த பழைய படகு ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தார். உப்புத்தாள் கொண்டு தேய்க்கவேண்டும் என்றார். உப்பு என்ற சொல்லைக் கேட்டதும் லூர்துநாதனுக்குப் போன உயிர் கொஞ்சம் திரும்பியது. தேய்த்தார். ஓட்டை அடைக்கப் பட்டி பார்த்தார். பெயின்டில் தின்னர் கலக்கச் சொன்னால் கரண்டி தேடினார். குச்சியால் கிண்டச் சொன்னால், அடி பிடித்துவிடும் என்ற பயத்தில் நிறுத்தாமல் கிண்டினார்.

"யோவ், அடுப்பே இல்லய்யா! போதும், நிறுத்து!"

முதல் நாள் அவர் அடித்த பெயின்ட் படகின் வயிற்றில் கண்ணீராக வடிந்தது. இரண்டாம் நாள் வடியவில்லை, திட்டுத்திட்டாக நின்றது. அதற்கடுத்த நாள் பழனிசாமி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "தூரத்துல இருந்து பாத்தா பெயின்டர் மாதிரிதான் இருக்க" என்றார்.

இதைவிடப் பெரிய சோதனை மத்தியானம் வந்தது. பட்டறை கேன்டீன் சமையல்காரர் குழந்தைவேலு ரிட்டயராகி மெயின்லேண்ட் போனதிலிருந்து அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. வெல்டர்களும் ஃபிட்டர்களும் முறைவைத்துப் பொங்கினார்கள். லூர்துநாதன் பருப்பை ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "பிரைமர் பெயின்டே தேவலாம்" என்றார். அடுத்த நாள் யாருக்கும் தெரியாமல் உள்ளே புகுந்து, அந்தப் பருப்பில் ஒரு தாளிப்புக் கொட்டிவிட்டு வந்தார். அன்றைக்கு மொத்தப் பட்டறையும் சட்டியை வழித்துத் தின்றது. பழனிசாமி மட்டும் முறைத்தார். "பேரைக் கெடுத்துக்காதய்யா. நீ பெயின்டர்."

வந்த ஆபீசர் பெயர் ஹரிஹரன். சென்னைக்காரர். ஒல்லியான உடம்பு, அதிராத பேச்சு. பங்களாவிலிருந்து திரும்பியவர்களை வரிசையாக நிற்க வைத்து அவரவர் வேலையைச் செய்யச் சொன்னார். இறகுப்பந்து எடுத்துக் கொடுத்தவர் ஏட்டில் வெல்டர் அல்லவா, முகமூடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு நின்றார். ஹரிஹரன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.  சாப் ஓரமாக விறைப்பாக நின்றார். கழுத்தில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

லூர்துநாதன் முறை வந்தது. மனசுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே உப்புத்தாள் போட்டார், துடைத்தார், பிரஷை எடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அவர் கை நன்றாகவே ஓடியது. மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே, ஒரு சொட்டு வடியவில்லை. பழனிசாமிக்கு மூச்சு வந்தது. சாபுக்கு மீசை நிமிர்ந்தது. ஹரிஹரன்கூடத் தலையசைத்துவிட்டு நகரப் போனார். போகிற போக்கில் புது டின் ஒன்றைக் காட்டினார். "இதையும் கலந்துடுங்களேன். பதம் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். பதம் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தெரியும். லூர்துநாதன் தின்னரை ஊற்றிக் கலக்கினார். குச்சியைத் தூக்கினார். இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். நாக்கில் தொட்டுக்கொண்டு, வானத்தைப் பார்த்து, சப்புக்கொட்டினார்.

 "போச்சு" என்று பழனிசாமி முனகியது கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

ஹரிஹரன் திரும்பி வந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "உப்பு சரியா இருக்கா?" என்றார்.

"ஒரு சிட்டிகை போடலாம் சா..." லூர்துநாதனுக்கு அப்போதுதான் நாக்கு எரிந்தது. குழாயடிக்கு ஓடி வாயைக் கொப்பளித்தார். திரும்பி வந்தபோது உதட்டில் நீலப் பெயின்ட் மிச்சமிருந்தது. வெல்டர் ஒருவர் முகமூடிக்குள் சிரித்துக் குலுங்கினார். ஹரிஹரன் லூர்துநாதனைத் தனியாகக் கூட்டிப்போய் ஒரு கவிழ்த்த படகின் நிழலில் உட்கார வைத்தார்.

"ஐயா, பயப்படாம சொல்லுங்க. உங்களை அங்க கட்டாயப்படுத்தி வேலை வாங்கினாங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். நாய்க்குக் கீழே தள்ளியவர்களைத் தீர்த்துக்கட்ட அதைவிட நல்ல நேரம் வராது. லூர்துநாதன் தூரத்தில் நின்ற சாபைப் பார்த்தார். சாப் மறுபடியும் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம். அன்றைக்குச் செருப்புக்குப் பதில் பூட்ஸ்.

"கட்டாயம்னு சொல்ல முடியாது சார். ஒரு நாள் வந்து, சமைக்கத் தெரியுமான்னு கேட்டாக. தெரியும்னு கையத் தூக்குனேன்." உதட்டு நீலத்தைத் துண்டால் துடைத்தார். "தெரியுமான்னுதான் கேட்டாக சார். சம்மதமான்னு அன்னைக்கும் கேக்கல, அதுக்குப் பெறவும் யாரும் கேக்கல."

ஹரிஹரன் நோட்டை மூடினார். "உங்க மேல தப்பு இல்லைன்னு நான் எழுதிடுவேன். உங்க சர்வீஸ் அப்படியே நிக்கும். தப்பு உங்களைக் கூட்டிட்டுப் போனவங்களோடது. அதிகாரி வீட்ல இத்தனை பேர்தான்னு சட்டம் போட்டது ஆளை எண்ணறதுக்கு மட்டும் இல்ல, உங்களை மாதிரி ஆளுங்களுக்காகவும்தான். சரி, இப்ப நான் கேக்கறேன். உங்களுக்கு என்ன வேணும்?"

லூர்துநாதன் பின்னால் திரும்பிப் பார்த்தார். பழனிசாமியைக் கேட்கிறாரோ என்று நினைத்துவிட்டார். யாரும் இல்லை. தன்னைத்தான் என்று புரிந்ததும் கண் கலங்கிவிட்டது. இதுவரை அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. 

"வீட்ல கேட்டுட்டு நாளைக்குச் சொல்லுதேன் சார்."

சாயங்காலம் லூசியிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஜீப் நின்றது. சாபே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். டிரைவரும் ஏட்டில் கிரேன் ஆபரேட்டராம், கிரேனுக்குப் போய்விட்டார். பின் சீட்டில் டைகர். சாப் உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தன்னைக் காட்டிக்கொடுக்காததற்கு நன்றி சொன்னார். பிறகு இந்தியில் மெல்ல விஷயத்துக்கு வந்தார். நாய்க்காரன்தான் இப்போது சமைக்கிறான். அவனுக்குத் தெரிந்தது ஒரே சமையல். டைகருக்கு என்ன பொங்குகிறானோ அதைத்தான் இவர்களுக்கும் வைக்கிறான். டைகர் மட்டும் சந்தோஷமாகச் சாப்பிடுகிறது.

"நாய்க்காரனை வாபஸ் அனுப்பிவிடுகிறேன், லூர்து. அந்த இடம் உனக்கு. சட்டப்படியே. காலையில் வந்துவிடு" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். ஜீப் சத்தம் ஓய்ந்தது.

லூர்துநாதன் முகம் மலர்ந்திருந்தது. "பாத்தியா லூசி! சாபே வந்துட்டாரு. சட்டப்படி வேற!"

லூசி மெஷினிலிருந்து நூலைக் கடித்து அறுத்தாள். "வந்தாரு. அவரு கேட்டாரா, சொன்னாரா?"

லூர்துநாதன் யோசித்தார்.  "சொன்னாரு" என்றார் கடைசியில்.

"அந்த மெட்ராஸ்காரரு?"

"கேட்டாரு."

"அப்ப கேட்டவருக்குப் பதில் சொல்லுங்க. சொன்னவரு காத்திருக்கட்டும்." மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

மறுநாள் காலை லூர்துநாதன் ஹரிஹரன் முன்னால் போய் நின்றார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "பட்டறை கேன்டீன் சார். குழந்தைவேலு எடம் காலியா கெடக்கு. அந்தப் பருப்பத் தின்னு ஜனங்க செத்துருவாங்க. ஏட்லயும் சமையக்காரன்னே எழுதிக் குடுங்க."

"முதல் நிலைங்கிற பட்டம் போயிடுமே?"

"போகட்டும் சார். பெயின்டோட ருசி எனக்குப் பிடிக்கல."

ஹரிஹரன் சிரித்ததைப் பட்டறை அன்றுதான் பார்த்தது.

சாபுக்கு மேலிடத்திலிருந்து கண்டிப்பு வந்தது என்று பேசிக்கொண்டார்கள். பங்களாவில் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. மேம்சாப் இறகுப்பந்தைத் தானே குனிந்து எடுத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு. பிறகு அவர் மெயின்லேண்டுக்குத் தாய்வீடு போனார். கேன்டீனில் லூர்துநாதன் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு விதியை ஒட்டினார்: அவரவர் தட்டை அவரவரே கழுவ வேண்டும். எழுத்து லூசியுடையது.

ஒரு மத்தியானம் கேன்டீன் பேச்சுச் சத்தம் திடீரென்று அடங்கியது. லூர்துநாதன் கரண்டியோடு நிமிர்ந்தார். வரிசையில் ஃபிட்டருக்கும் வெல்டருக்கும் நடுவே, கையில் தட்டோடு, சாப். முன்னால் போக வழி விட்டவர்களை வேண்டாம் என்று கையமர்த்திவிட்டுத் தன் முறைக்கு நின்றார். லூர்துநாதன் சோறு போட்டார், சூரை மீன் குழம்பு ஊற்றினார், எல்லாருக்கும் போட்ட அதே அளவு. சாப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். எழுந்து வந்து லூர்துநாதன் முன்னால் நின்று மீசையைத் தடவினார்.

"நன்றாக இருந்தது" என்றார். "நீ சாப்பிட்டாயா, லூர்து?"

லூர்துநாதனுக்கு இத்தனை வருஷப் பழக்கத்தில் தட்டை வாங்கிக்கொள்ளக் கை தானாக நீண்டது. "யோவ், கையை எடு!" என்று பின்னால் பழனிசாமி கத்தினார். கை பின்வாங்கியது. சாப் சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்தார். எழுத்துப் புரியாவிட்டாலும் மற்றவர்கள் செய்வது தெரிந்தது. குழாயடிக்குப் போய் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு தட்டைக் கழுவினார். பிறந்ததிலிருந்து செய்யாத வேலை, தண்ணீர் சட்டையெல்லாம் தெறித்தது. கழுவிய தட்டைக் கொண்டுவந்து அடுக்கில் வைக்கப் போனார்.

லூர்துநாதன் எட்டிப் பார்த்தார். பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

"சாப், ஓரத்துல கொழம்பு இருக்கு."

 சாப் தட்டைத் திருப்பிப் பார்த்தார். இருந்தது. மறுபடி குழாயடிக்குப் போய், தேய்த்துக் கழுவி, கொண்டுவந்து லூர்துநாதனிடம் நீட்டிக் காட்டினார்.

"டீக் ஹை சாப், இப்ப சரி" என்றார் லூர்துநாதன். பிறகு தனக்கு ஒரு தட்டு எடுத்துச் சோறு போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.